ஆத்தா நெல்லுக்கு என்ன வகை?

ஸ்ரீரங்கம்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய ரங்கசாமி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் ஆனந்தவள்ளி பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ‘நலம்’ என்று எழுதிய பிறகு, அது இன்னும் உண்மைதானா என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், மூச்சு வருகிறது. காஸ் மூடியிருக்கிறது. ஆகவே நலம்தான். அங்கே நீங்களும் மகாலட்சுமி அத்தையும் பானுப்ரியாவும், புதிதாய் வந்திருக்கும் குட்டிப் பேரனும் நலமாயிருக்க ரங்கநாதரிடமும் சமயபுரத்தாளிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் மார்ட்டின். உங்கள் மாப்பிள்ளையோடு பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். அவருடைய மகளும் சிங்கப்பூரில்தான் இருக்கிறாள். கூடவே பானுப்ரியாவுக்குப் பிரசவ லேகியம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். நானே சுக்கும் திப்பிலியும் இடித்துக் கிண்டியது. பாட்டில் மேல் ‘லேகியம்’ என்று எழுதி ஒட்டி, ஒட்டியது உரியாமலிருக்க டேப்பும் சுற்றியிருக்கிறேன். திறந்து முகர்ந்து பார்க்கும் வேலையே உங்களுக்கு வேண்டாம். எழுதியிருப்பதை நம்பி தினம் ஒரு நெல்லிக்காய் அளவு கொடுக்கலாம்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீங்கள் ‘சரிம்மா, விஷயத்துக்கு வா’ என்பீர்கள். இந்த விஷயத்தில், விஷயத்துக்கு முன்னால் இருப்பதுதான் விஷயம். தை முதல் வெள்ளியன்று நம் மில்லில் நடந்ததை நான் முழுதாகச் சொல்ல வேண்டும். முருகானந்தம் மேஸ்திரி இதற்குள் உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ, என்ன சொல்லியிருப்பாரோ என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏர்போர்ட் வாசலில் நீங்கள் சொன்னது மறக்கவில்லை: “இந்தத் தை மாசம் நீ பாத்துக்கம்மா. பங்குனியில நான் வந்து, மில்லு உன் கையிலயா மேஸ்திரி கையிலயான்னு முடிவு பண்றேன்.” கல்லூரியில் நான் இருந்த பிரிவை மூடிய பிறகு, ‘இது உன்னுடையது’ என்று யாராவது எனக்கு நீட்டியது அந்த ஒரு மில்தான். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் வகை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடமே இதுதான்: இன்றைய கம்ப்யூட்டர் மொழிகள் ஒவ்வொன்றும் வகையை எப்படிக் கையாள்கின்றன என்று ஒப்பிடுவது. உங்களுக்கு இது நன்றாகவே புரியும். புழுங்கல் நெல்லைப் பச்சரிசி ஓடும் மெஷினில் கொட்டமாட்டீர்கள். உமியைத் தவிட்டு மூட்டையில் கட்டமாட்டீர்கள். ஒரு பொருள் எந்த வகை, அந்த வகையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. எல்லா மொழிகளும் ‘நீ யார்?’ என்று கேட்கத்தான் செய்கின்றன. எப்போது கேட்கின்றன என்பதில்தான் வித்தியாசம். சில மொழிகள் கேட்டிலேயே நிறுத்திக் கேட்கும். சில, மெஷினுக்குள் போய்ப் பல் உடையும்போது கேட்கும். ஒன்றிரண்டு கேட்கவே கேட்காது. சோறாகி வாயில் கல் கடிபடும்போது நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கேட்காத மொழிக்குப் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நம் மில்லுக்கு நான் முதன்முதலாக எழுதிக்கொடுத்த புரோகிராம் அதில்தான். எந்த லோடு, யாருடையது, எந்த ஊர், என்ன ரகம், எத்தனை எடை என்று பதிந்து, வந்த நெல் மொத்தம் எவ்வளவு என்று திரையில் காட்டவேண்டியதுதான் வேலை. அந்தத் தை முதல் வெள்ளி ஆத்தா நெல் வந்தது. (உங்கள் மில் வழக்கத்தை உங்களுக்கே சொல்வதாக நினைக்காதீர்கள். மார்ட்டின் விமானத்தில் பொழுது போகாமல் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக்கூடியவர், அவருக்காக எழுதுகிறேன்: நம் மில்லுக்கு நெல் போடும் விவசாயிகள் ஆளுக்கு ஒரு படி அளந்து ஒரே கூடையில் கொட்டுவார்கள். அதை அவர்களில் ஒருவரான அழகம்மாள் தலையில் சுமந்து வருவார். பல ரகம் கலந்த அந்த நெல்லுக்கு உரிமையாளர் கிடையாது; எடை போடக்கூடாது; ஈரம் பார்க்கக்கூடாது. அது மெஷினில் விழுந்த பிறகுதான் மற்ற லோடு கேட்டைத் தாண்டும். அந்த அரிசியில்தான் சமயபுரத்து ஆத்தாவுக்குப் பொங்கல்.) கம்ப்யூட்டரில் பதிகிற நம் இருதயமேரி, எடை என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் ‘ஆத்தா’ என்று தட்டிவிட்டாள். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைபரில் ஆரம்பித்த மொத்தத்தோடு ‘ஆத்தா’வைக் கூட்டச் சொன்னதும், சரி என்று பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டது. ஒரு முறை எழுத்தாகிவிட்டால் பிறகு வரும் எண்களையும் அது ஒட்டத்தான் செய்யும். எழுபது குவிண்டால் வந்தது, அறுபத்தைந்து குவிண்டால் வந்தது. திரையில் மொத்தம் ‘0ஆத்தா7065’ என்று நின்றது. நான் ஓடிவந்தபோது நீங்கள் திரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தீர்கள்.

“பாத்தியாம்மா, முன்னால பிள்ளையார் சுழி, அடுத்து ஆத்தா பேரு, அப்பறந்தான் கணக்கையே ஆரம்பிக்குது! காலேஜ்ல சொல்லிக்குடுத்ததா?”

முழ நீளமாகிவிட்ட அந்த எண்ணை அறுவடை முடியும்வரை நீங்கள் திருத்தவிடவில்லை. மானிட்டரில் குங்குமம் வைத்தீர்கள். மொத்தத்தை மேஸ்திரி தன் பாட்டுக்கு வாயாலேயே கூட்டிக்கொண்டார்.

சென்ற வருஷம் பைத்தானுக்கு மாறினேன். அது ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி எதையும் எதனோடும் ஒட்டாது; எண் வேறு எழுத்து வேறு என்பதில் கறார். ஆனால் அந்தக் கறாரை அது முன்கூட்டியே காட்டாது. தப்பு இருக்கும் வரிக்கு வந்து சேரும்வரை வாயைத் திறக்காது. எண்ணாக இருந்தால் எண்ணாக வை, இல்லாவிட்டால் வந்தபடி வை என்று ஓரிடத்தில் தாராளமாக எழுதியிருந்தேன். இருதயமேரி வழக்கம்போல ‘ஆத்தா’ போட்டாள், ஏற்றுக்கொண்டது. பகல் முழுக்க லோடு வந்தது, எல்லாம் ஏற்றுக்கொண்டது. சாயங்காலம் மொத்தம் போடு என்று சொன்னதும் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்ட மாடு மாதிரி நின்றுவிட்டது.

“அக்கா, சப்போர்ட் இல்லைன்னு சொல்லுதுக்கா” என்றாள் இருதயமேரி, திரையைப் படித்து.

“யாருக்கு சப்போர்ட் இல்லையாம்?” என்றார் மேஸ்திரி.

“நம்பரையும் ஆத்தாவையும் சேர்க்க சப்போர்ட் இல்லையாம்.”

“அதைக் காலையிலயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? பகலெல்லாம் மண்டைய மண்டைய ஆட்டிட்டு!”

மாமா, நாற்பது பக்கத்தில் பாடப்புத்தகம் சொல்வதை மேஸ்திரி ஒரே மூச்சில் சொன்னார். எனக்கும் அதுதான் ஆத்திரம். காலையிலேயே சொல்லக்கூடிய மொழிதான் வேண்டும் என்று, அறுவடைக்கு நடுவிலேயே டைப்ஸ்கிரிப்டில் மாற்றி எழுதினேன். அது ஜாவாஸ்கிரிப்டின் மேலேயே ஒரு மேஸ்திரியை உட்கார வைத்த மாதிரி. ஓடுவதற்கு முன்னாலேயே படித்துப் பார்த்து, இது சரியில்லை என்று சிவப்புக் கோடு போடும். கோடு வந்தால் என்ன செய்வது என்று இருதயமேரிக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். அதுதான் தப்பு. அந்த மொழியில் ‘எனி’ என்று ஒரு வார்த்தை உண்டு. ‘எதுவாயிருந்தாலும் விடு’ என்று அர்த்தம். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அவள் புரோகிராம் முழுக்க எனி போட்டுவைத்துவிட்டாள். “கோடு வந்தா எனி போட்டுடணும்க்கா, கம்முனு ஆயிடுது” என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

அதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மேஸ்திரி சம்பவம். டைப்ஸ்கிரிப்ட் பெயரைப் பார்க்காது, அமைப்பைப் பார்க்கும். ஒரு லோடு என்றால் பெயர், ஊர், எடை இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த மூன்றும் எதனிடம் இருந்தாலும் அது லோடுதான். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார் என்று மேஸ்திரி, மூட்டை நிறுக்கும் மேடையில் ஏறி நின்றார். திரையில் அந்த நேரம் வேலையாட்கள் பட்டியலில் அவர் பெயர்தான் திறந்திருந்தது. பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, இப்போது எடையும் வந்துவிட்டது. டைப்ஸ்கிரிப்ட் எந்தத் தயக்கமும் இல்லாமல், ‘முருகானந்தம், மண்ணச்சநல்லூர்: இரண்டாம் களத்தில் உலர்த்தவும்’ என்று சொல்லிவிட்டது. அன்று முழுக்க மில்லில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “மேஸ்திரி, இன்னும் காயலையா?” என்றுதான் கேட்டார்கள். அவர் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. ஜாவா என்ற மொழியாக இருந்தால் அவரை விட்டிருக்காது. ‘நான் நெல் லோடு’ என்று பெயரோடு அறிவித்துக்கொண்டு வந்தால்தான் அது ஏற்கும். மூட்டையில் பொன்னி என்று எழுதியிருப்பதால் அது பொன்னியா, அரிசி பொன்னி மாதிரி இருப்பதால் பொன்னியா என்று அரிசிக்கடையில் நடக்கும் சண்டைதான் இது. ஆனால் ஜாவாவில் அந்த அழகான பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் காலியாகவும் இருக்கலாம். கைவைக்கும்போதுதான் தெரியும். அந்த நினைப்பே எனக்கு ஆகாது.

ஏன் ஆகாது என்று யோசித்துப் பார்த்தேன். நான் எப்போதுமே இப்படித்தான் மாமா. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளைக்குக் குறட்டை உண்டா என்று உங்களை விட்டு விசாரிக்கச் சொன்னவள் நான். (உண்டு. நீங்கள் இல்லை என்றீர்கள்.) ஒரு காரியம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, அதில் என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதெல்லாம் தெரிந்துவிட வேண்டும் எனக்கு. உங்கள் மாப்பிள்ளை இதற்கு நேர் எதிர். அவருக்கு எல்லாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். “நீ எல்லாத்தையும் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரயில் ஜங்ஷனை விட்டுப் போயிரும்டி” என்பார். அவர் சொல்வது போல ஒரு ரயில் போயும் இருக்கிறது.

ஆகவே நீங்கள் சிங்கப்பூர் கிளம்பியதும், மார்கழி முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ரஸ்ட் என்ற மொழியில் எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். மாமா, என் மனசைப் பார்த்துச் செய்த மாதிரி ஒரு மொழி. அதில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் காலியாக இருக்கமுடியாது. இல்லாமல் போகலாம் என்றால் ‘இல்லாமல் போகலாம்’ என்று முதலிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்பதையும் சொல்லவேண்டும். பத்து விதமாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கு மட்டும் வழி சொன்னால் விடாது. எழுதியதைப் படித்துப் பார்க்கும் கம்பைலர் என்ற பரிசோதகர், ‘பத்தாவது வந்தால் என்ன செய்வீர்கள்? இப்படிச் செய்து பார்க்கலாமே’ என்று மரியாதையாகக் கேட்பார். இந்த வீட்டில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. போன் இல்லாத விவசாயி வந்தால், லோடு மேடையில் இருக்கும்போதே டிரைவர் டீ குடிக்கப் போனால், ஒரே பெயரில் நாலு ரங்கசாமி வந்தால் என்று எனக்குத் தோன்றிய பயங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குச் சொன்னேன். எடை கட்டாயம் எண், அதுவும் சைபரைவிட அதிகம். வாய்க்கு வந்ததைத் தட்டுவதற்கு இருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். வைகுண்ட ஏகாதசியன்று தெருவெல்லாம் ‘ரங்கா ரங்கா’ என்று போய்க்கொண்டிருந்தபோது, ஒரு குறையும் சொல்லாமல் கம்பைலர் ஒப்புதல் கொடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக, யோசிக்க வேண்டியதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆத்தாவை மறந்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக என்னை ஆட்டிவைத்தது எதுவோ, அதை. எடை எண் இல்லாமல் வருவது ‘தப்பு’ என்ற பட்டியலில் அதைப் போட்டுவைத்திருந்தேன். தப்பைத் தடுத்துவிட்டேன், அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். அது தப்பில்லை, வழக்கம் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை நொச்சியம் வழி பஸ் பிடித்து நான் போய் இறங்கும்போதே டிராக்டர்கள் வரிசையாகத் துறையூர் ரோடு வரை நின்றன. முதல் வண்டி பிச்சமுத்துவினுடையது. பாவம், இந்த வருஷத்து அறுவடை மொத்தமும் அந்த ஒரு டிரெய்லரில். கொள்ளிடத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தையில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? ஒருவரிடமும் தார்ப்பாய் இல்லை. மேளத்தோடு அழகம்மாள் கூடையைச் சுமந்து வந்து ஆபீஸ் வாசலில் இறக்கினார். இருதயமேரி புதுப் புரோகிராமைத் திறந்தாள்.

“அக்கா, வெயிட் கேக்குது.”

“யாருடி கேக்குறா?” என்றார் அழகம்மாள்.

“மெஷினு கேக்குதுக்கா.”

“அம்புட்டுத் திமிரா? ரங்கசாமி அண்ணனே கேட்டதில்லையேடி!”

சைபர் போடச் சொன்னேன். ‘எடை சைபரைவிட அதிகமாக இருக்கவேண்டும்’ என்றது. நான் எழுதிவைத்த வாக்கியம். ஒன்று என்று போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அழகம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “ஒரு கிலோதான் ஆத்தாவா? போடும்மா. போட்டுட்டுச் சமயபுரத்துக்கு நீயே வந்து அவகிட்டச் சொல்லு” என்றார். இருதயமேரி கையை எடுத்துவிட்டாள். “நான் மாதாவைக் கும்பிடுறவ, ஆனாலும் இதுக்கு என் கை வராதுக்கா.” எடையை விட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் உரிமையாளர் பெயர். மாரியம்மன் என்று போட்டோம். தகப்பனார் அல்லது கணவர் பெயர் கட்டாயம் என்றது. கூட்டத்தில் ஒருவர் சிவன் என்றார். இன்னொருவர் அதெல்லாம் வேறு கோயில் என்றார். இரண்டு பேரும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். அதைத் தாண்டினால் போன் நம்பர்.

“அவளுக்குப் போன் எதுக்கு பாப்பா? கூப்பிட்டா வரப்போறா” என்றார் மேஸ்திரி.

முதல் தூறல் விழுந்தது. பிச்சமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி, உங்க மெஷினு முடிவு பண்றதுக்குள்ள என் நெல்லு மொளச்சிரும்மா” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். “சாப்பாட்டுக் கேரியரை மறந்துட்டுப் போயிட்ட, எடுத்துட்டு வந்துக்கிட்டிருக்கேன். ஏதாவது ஒரு நம்பரைத் தட்டிவிடேன், என்ன இப்ப” என்று வைத்துவிட்டார். என்னால் முடியவில்லை மாமா. யாரும் பொய்யை உள்ளே விடக்கூடாது என்றுதான் மார்கழி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அதற்கு நானே முதல் பொய்யைச் சொல்வதா?

லேப்டாப்பைத் திறந்தேன். லோடு என்றால் சாதாரண லோடு ஒரு வகை, ஆத்தா நெல் ஒரு தனி வகை என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன். உடனே கம்பைலர், நான் ஆத்தாவை நினைக்காமல் விட்ட இடங்களையெல்லாம் தேடிப்பிடித்துக் கேட்க ஆரம்பித்தது. அந்த மொழியின் குணமே அதுதான். அது கேட்கக் கேட்க நான் வாய்விட்டுப் படித்தேன். அழகம்மாள் பதில் சொன்னார்.

“எடை போடும் இடத்தில் ஆத்தா வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறது.”

“போடக்கூடாது.”

“ஈரப்பதம்?”

“பாக்கக்கூடாது.”

“களத்தில் உலர்த்துவதா?”

“அவளுக்கு எதுக்கு வெயிலு? அவளே வெயிலு.”

“டோக்கன் நம்பர்?”

“அவளுக்கு ஏதும்மா வரிசை? வரிசையே அவளுக்கு அப்பறந்தான்.”

கூட்டம் ஜன்னலை நெருங்கி வந்தது. யாரோ, “இப்பத்தான்யா மெஷினு முறையா விசாரிக்குது” என்றார்கள். எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. மொத்தத்தில் சேர்ப்பதா கூடாதா, உரிமையாளருக்கு ரசீது உண்டா, அரிசியான பிறகு எங்கே போகும், தவிடு யாருக்கு என்று அது கேட்டுக்கொண்டே போனது. நான் படித்துக்கொண்டே போனேன். அழகம்மாள் சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் கேள்வியும் தீர்ந்தது. இந்த மொழி ஒப்புதல் கொடுக்க நேரம் எடுத்துக்கொள்ளும். வெளியே மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில், சமயபுரத்தாளே, பிச்சமுத்து நெல்லு, பிச்சமுத்து நெல்லு என்று அதை மட்டுமே சொல்லிக்கொண்டு திரையையே பார்த்தேன். ஒப்புதல் வந்தது. ஒரு குறையும் இல்லை. “ஆச்சு! கேட்டைத் திறங்க!” என்று எழுந்து கத்தினேன்.

ஆபீஸில் யாரும் இல்லை. அழகம்மாள் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் கூடை காலியாக இருந்தது.

“மழை வலுத்ததுமே, நீ தட்டிக்கிட்டிருந்த நேரத்துல நான் போயி ஆத்தா நெல்லை மெஷின் குழியில கொட்டிட்டு வந்துட்டேன்மா” என்றார். “வண்டியெல்லாம் அப்பவே உள்ள போயிருச்சு.”

“அப்புறம் ஏன் திரும்பி வந்து உக்காந்து பதில் சொன்னீங்க?”

“நீ கேட்டுக்கிட்டே இருந்தியே புள்ள. பதில் சொல்லாம எப்படி எந்திரிச்சுப் போறது?”

கேட்டைத் திறந்தது யார் தெரியுமா? உங்கள் மாப்பிள்ளை. கேரியரோடு ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். பிச்சமுத்து, “மாப்ளே, ஆத்தா போயாச்சு, கதவைத் தொறந்து விடுங்க” என்றிருக்கிறார். திறந்துவிட்டார். ஏன், எதற்கு, யார் சொன்னார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தால் டிராக்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. யார் மூட்டை, எந்த ரகம், எந்த வரிசை என்று ஒரு பதிவும் கிடையாது. நான் எழுதிய அத்தனை வகைகளும் மழையோடு போய்விட்டன. அவரவர் மூட்டை அவரவருக்குத் தெரிந்திருந்தது. இருதயமேரி மூட்டை மேல் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துப் பதிந்தாள். பிச்சமுத்துவின் மேல்மூட்டைகள் மட்டும் நனைந்து, மறுநாள் களத்தில் காய்ந்துவிட்டன. உங்கள் மாப்பிள்ளை கேரியரைத் திறந்து, “சாம்பார் சாதமா தயிர் சாதமான்னு பாக்காமலே எடுத்துட்டு வந்துட்டேன்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நெல் தப்பியது. ஆனால் நான் தப்பவில்லை மாமா. நேற்று முழுக்க யோசித்தேன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுமே கேட்காத ஒருவர் கதவைத் திறந்தார். அவர் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் பிச்சமுத்துவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைக்கிறவள் மில்லுக்கு ஆகமாட்டாள். ஆகவே நீங்கள் பங்குனி வரை காத்திருக்க வேண்டியதில்லை. மில்லை முருகானந்தம் மேஸ்திரி கையிலேயே கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தனுப்பிவிடுகிறேன். மானிட்டரில் உள்ள குங்குமத்தை நான் துடைக்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். பானுப்ரியா பச்சைத் தண்ணீரில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு எங்கள் எல்லோருடைய ஆசியும். ரங்கநாதர் கண்ணும் ஆத்தா கையும் உங்கள் எல்லோர் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் தகுதியில்லாத உங்கள் மருமகள்,
ஆனந்தவள்ளி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் மேஸ்திரியும் அழகம்மாளும் சமயபுரத்துப் பொங்கலோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல், “பாப்பா, எனக்கு மில்லு வேணாம், அண்ணன்கிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன்” என்றார். என்ன விஷயம் என்றால், நேற்றிலிருந்து விவசாயிகள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்களாம். “அழகம்மாவை மட்டும் மெஷினு அத்தனை கேள்வி கேட்டுச்சு, எங்களை ஒண்ணும் கேக்கலையே” என்று குறையாம். பிச்சமுத்துவின் விதைநெல் அவர் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது, அதற்குப் பெயரே கிடையாது. அதற்கும் ஒரு தனி வகை போட்டு, அழகம்மாளைக் கேட்ட மாதிரி முறையாகக் கேட்டால்தான் அடுத்த லோடு கொண்டுவருவாராம். “எனக்குக் கேக்கத் தெரியாது பாப்பா, நீதான் வரணும்” என்று மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: மொத்தத்துக்கு முன்னால் பழையபடி ‘0ஆத்தா’ வேண்டுமாம். இரண்டு வருஷமாக எதை ஒழிக்கப் பாடுபட்டேனோ அதை என் கையாலேயே, திரையில் காட்டுவதற்கு மட்டும், ஒரு வரியில் ஒட்டிவிட்டேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்களைச் சாப்பிட உட்காரவைத்து, ‘புளிக்காய்ச்சல்’ என்று ஒட்டியிருந்த பாட்டிலைத் திறந்து சோற்றில் பிசைந்து போட்டேன். அழகம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏம்மா, புளியோதரையில எதுக்குத் திப்பிலி போட்ட?” என்றார். மார்ட்டின் பெட்டியைப் பூட்டிக் கயிறும் கட்டிவிட்டாராம். கடிதத்தை மட்டும் கையில் கேட்டு வாசலில் நிற்கிறார். ஆகவே மாமா, பாட்டில் மேல் நான் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், டேப்பைக் கிழித்து முகர்ந்து பாருங்கள். பானுப்ரியாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சோற்றில் பிசைந்து நீங்கள் சாப்பிடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். லேகியத்தைக் கொண்டுவர வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். மேலே எழுதியதையும் விட்டுவிடுங்கள். சாவி என்னிடமே இருக்கட்டும். பிச்சமுத்து விடிந்ததும் வந்துவிடுவார். நான்தான் போய்த் திறக்கவேண்டும்.